வாக்குச்சீட்டின் வரலாற்றில் எழுத்தறியாதவர்

1996ஆம் ஆண்டு நடைபெற்ற தமிழகச் சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதி வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் தரப்பட்டது சீட்டு அன்று, ஒரு புத்தகம். 1,033 வேட்பாளர்களின் பெயர்களும் சின்னங்களும் ஒரே தாளில் அடங்கா என்பதால் அவ்வாறு அச்சிட வேண்டியதாயிற்று. தம் கோரிக்கைகள் செவிமடுக்கப்படவில்லை என்று மனம் நொந்த விவசாயிகள் கூட்டங்கூட்டமாக வேட்புமனு அளித்ததன் விளைவு அது. வாக்குப்பதிவைத் தள்ளிவைத்து, அதற்கென்று தனி ஏற்பாடுகள் செய்து, பிறகே தேர்தல் நடத்தப்பட்டது. மறைவிடத்தில் நின்று, பக்கம் பக்கமாகப் புரட்டித் தமக்கு வேண்டிய சின்னத்தைத் தேடிய அந்த முதியவர்களை நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

செய்தித்தாள்கள் இதனை விந்தைச் செய்தியாக வெளியிட்டன. நமக்கோ இதனுள் வேறொரு வினா தென்படுகிறது. வாக்குச்சீட்டு எவ்வடிவில் இருக்க வேண்டும் என்பதை வகுப்பவர் யார்? அப்படி வகுக்கும்போது அவர் மனக்கண்முன் நிற்கும் வாக்காளர் எப்படிப்பட்டவர்? எழுத்தறிந்தவரா, அறியாதவரா? அச்சமின்றி நிற்பவரா, ஆண்டையின் கண்ணுக்கு அஞ்சுபவரா? வாக்குச்சீட்டின் வரலாற்றை ஊன்றி நோக்கினால், அதன் ஒவ்வொரு கோட்டிலும் மடிப்பிலும் இவ்வினாவுக்கான விடை மறைந்திருப்பதைக் காணலாம்.

இவ்வரலாற்றைத் தொடங்கும் தமிழர் எவரும் உத்திரமேரூரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை வியக்கத்தக்க நுட்பத்தோடு விளக்குகின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனைப் பெறுபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்துவிடலாகாது என்பதே அதன் கருத்து. ஆயினும் குடவோலையை இன்றைய வாக்குச்சீட்டின் தாய் என்பது நம் பெருமிதத்தின் கூற்றேயன்றி வரலாற்றின் கூற்றன்று. அது திருவுளச்சீட்டு, அங்கே மக்கள் வாக்களிக்கவில்லை. நிலமும் வீடும் மறைநூற் பயிற்சியும் உடையோர் பெயர்களே குடத்துக்குள் போயின. ஒன்றை மட்டும் மனத்தில் கொள்வோம்: எழுத்தறியாச் சிறுவனின் கைதான் அங்கே நேர்மைக்குச் சான்றாக நின்றது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, எழுத்தறியாக் கையே சட்டத்தின் பெருஞ்சிக்கலாக மாறியது.

இன்று நாம் அறிந்த வாக்குச்சீட்டு ஐரோப்பிய மரபில் வந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1872 வரை வாக்கு என்பது வாயால் சொல்லப்படுவது. மேடையேறி, ஊரார் கேட்க, நிலக்கிழாரின் முகத்துக்கெதிரே இன்னாருக்கு என் வாக்கு என்று உரைக்க வேண்டும். 1828இல் அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் டேனியல் ஓ'கானல் போட்டியிட்டபோது, கத்தோலிக்கக் குத்தகை உழவர்கள் தங்கள் நிலக்கிழார்களின் விருப்பத்துக்கு மாறாக அப்படித்தான் துணிந்து வாக்களித்தனர். அவ்வெற்றி மறு ஆண்டே கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றக் கதவைத் திறந்தது. ஆனால் கதவைத் திறந்துவிட்டவர்களோ வெளியே நிறுத்தப்பட்டனர். நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள நிலம் உடையோருக்கிருந்த வாக்குரிமை பறிக்கப்பட்டு, வரம்பு பத்துப் பவுனாக உயர்த்தப்பட்டது. வெளிப்படையாக வாக்களித்ததற்கு அவ்வேழைகள் கொடுத்த விலை அது.

இரகசிய வாக்குக்குத் தொடக்கத்திலேயே சட்ட வடிவம் தந்தவற்றுள் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களாகிய விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் அடங்கும். 1856இல் அங்கே அரசே தன் செலவில் சீட்டை அச்சிட்டு, எல்லா வேட்பாளர் பெயர்களையும் அதில் சேர்த்து, வாக்குச்சாவடிக்குள் மட்டுமே அதனை வழங்குவது என்னும் வழக்கம் வேர்கொண்டது. பிரிட்டன் இதனை 1872ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டுச் சட்டத்தால் ஏற்றுக்கொண்டது. அச்சட்டத்தின் இணைப்பிலேயே சீட்டின் மாதிரி வரையப்பட்டிருந்தது. வேட்பாளர் பெயர்கள் அகரவரிசையில். சீட்டின் பின்புறம் வரிசை எண். அதே எண் அடிக்கட்டையிலும். சீட்டைத் தரும்போது வாக்காளரின் பட்டியல் எண்ணை அடிக்கட்டையில் குறிப்பார்கள். அதாவது, யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை நீதிமன்றம் ஆணையிட்டால் கண்டுபிடிக்க ஒரு வழி திறந்தே வைக்கப்பட்டது. முழு இரகசியம் கள்ள வாக்குக்குத் துணைபோகும் என்ற அச்சமே காரணம்.

எழுத்தறியாதவரின் நிலை என்ன? அச்சட்டத்தின்படி அவர் தமக்குப் படிக்கத் தெரியாது என்று அறிக்கையிட வேண்டும். பிறகு தலைமை அலுவலர், வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில், அவர் சொன்ன பெயருக்கு நேரே குறியிடுவார். படித்தவருக்குத் திரை, படியாதவருக்கு ஊர்ச்சபை! இரகசிய வாக்கு எனும் பெருங்கொடை, அதனை மிகவும் வேண்டி நின்றவருக்கே மறுக்கப்பட்டது. சீட்டில் கட்சியின் பெயரோ சின்னமோ இல்லை. வேட்பாளரைப் பற்றிச் சில சொற்கள் சேர்க்கப் பிரிட்டன் இசைந்தது 1969இல்தான்.

இப்படிப்பட்ட சீட்டை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்தும் வரியும் கல்வியும் பார்த்து வாக்குரிமை வழங்கப்பட்ட காலத்திலேயே அதன் இடர்ப்பாடு புலனாகிவிட்டது. 1937இல் சென்னை மாகாணத் தேர்தலில் வண்ணப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. 'மஞ்சள் பெட்டிக்கே உங்கள் வாக்கு' என்ற முழக்கத்தை நம் பாட்டன்மார் பலர் தம் முதுமையிலும் சொல்லி மகிழ்ந்ததுண்டு.

விடுதலைக்குப் பின், 21 வயது நிறைந்த எல்லாருக்கும் வாக்குரிமை என்று அரசமைப்புச் சட்டம் அறிவித்தது. ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள். அவர்களுள் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் எழுத்தறியாதவர் என்பது அன்றைய கணிப்பு. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முன் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, பிரிட்டன் செய்தது போல எழுத்தறியாதவரை அலுவலரிடம் வாய்திறந்து சொல்லச் செய்வது. மற்றொன்று, எழுத்தே தேவைப்படாத ஒரு முறையைக் காண்பது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். நம் குடியரசின் தொடக்க நாள்களில் எடுக்கப்பட்ட முடிவுகளுள் இதற்கு நாம் மிக உயர்ந்த இடம் தருவோம்.

1951 அக்டோபர் 25 தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த அத்தேர்தலில், வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே கிடையாது. நாசிக் நகரிலுள்ள அரசு அச்சகத்தில், ரூபாய்த் தாள் போலவே காப்புடன் அச்சிடப்பட்ட சிறு தாள் அது. மறைவிடத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின்மேல் அவர் சின்னம். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கதிர் அரிவாள், குடிசை, ஆலமரம், விளக்கு, யானை எனக் கண்டவுடன் அறியும் பொருள்கள். சமயத் தொடர்புடைய உருவங்களை விலக்க வேண்டும் என்பதில் ஆணையம் கருத்தாக இருந்தது. வாக்காளர் தாளை மடித்துத் தாம் விரும்பும் பெட்டியில் இட்டால் போதும். எழுதவும் வேண்டா, குறியிடவும் வேண்டா. இதற்கென 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எஃகுப் பெட்டிகள் செய்யப்பட்டன. 8,200 டன் எஃகு அவற்றுக்குச் செலவாயிற்று. ஏழை நாடொன்று தன் எழுத்தறியா மக்களின் இரகசியத்தைக் காக்கச் செலவிட்ட எஃகு அது.

சின்னத்தைக் கண்டு வாக்களிப்பது அறியாமையின் அடையாளம் என்று எள்ளி நகைத்தவர்கள் உண்டு, இன்றும் உண்டு. நாம் அவர்களோடு உடன்படுவதற்கில்லை. எழுத்தும் ஒரு சின்னமே. பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பவர், காளையைக் கண்டு இனங்காண்பவரைவிடச் சிந்தித்து வாக்களிக்கிறார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

ஆனால் பெட்டிகள் எல்லாருக்கும் அமைந்த அளவுக்குப் பெயர்ப்பட்டியல் அமையவில்லை. பட்டியல் எழுதச் சென்றவர்களிடம் வடமாநிலப் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொன்னார்கள். பெயரின்றிப் பதியலாகாது என்று ஆணையம் உறுதியாக நின்றதால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வழி கண்ட சட்டம், பெயர் சொல்லத் துணியாதவருக்கு அப்போது வழி காணவில்லை. சென்னை மாகாணத்தில் இத்தொல்லை பெரிதாக எழவில்லை. வாக்களிப்பதிலும் வேறொரு குழப்பம் இருந்தது. இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் ஒருவருக்கு இரண்டு சீட்டுகள் தரப்படும். இரண்டையும் ஒரே பெட்டியில் இடலாகாது. இதனை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பார்கள்! அத்தகைய தொகுதிகள் 1961இல் ஒழிக்கப்பட்டன.

பெட்டி முறையில் பெருங்குறை ஒன்று இருந்தது. வாக்காளர் மறைவிடத்துக்குள் தனியே பெட்டிகளின்முன் நிற்கிறார். சீட்டைப் பெட்டியில் இடாமல் மடியில் முடிந்துகொண்டு வெளியே வந்தாலும் அறிவார் இல்லை. வெளியே காத்திருக்கும் தரகர் அதனை விலைக்கு வாங்கிப் பலவற்றைச் சேர்த்து, நம்பிக்கையான ஒருவர் வழியே தம் பெட்டியில் இடச் செய்யலாம். வேட்பாளர் பெருகப் பெருகப் பெட்டிகளும் பெருக வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் இரண்டாம் பொதுத்தேர்தலும் இம்முறையிலேயே நடந்தது. பிறகு, 1960இல் கேரளத்திலும் 1961இல் ஒரிசாவிலும் நடந்த இடைக்காலத் தேர்தல்களில் குறியிடும் முறை கொண்டுவரப்பட்டது. 1962இல் அது நாடெங்கும் பரவியது. எல்லா வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் ஒரே சீட்டில். பெட்டியோ ஒன்றே, அதுவும் அலுவலரின் கண்முன்னே.

இம்மாற்றத்தின்போது சின்னம் கைவிடப்படவில்லை. பெட்டியிலிருந்து இறங்கிச் சீட்டுக்கு வந்து சேர்ந்தது. எழுதுகோலும் தரப்படவில்லை, இரப்பர் முத்திரை தரப்பட்டது. அம்முத்திரையின் உருவத்தை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்போம்: முனைகளில் அம்பு போன்று திரும்பிய சிலுவைக் குறி. அவ்வடிவம் அழகுக்காக அமைந்ததன்று. மை உலராமல் சீட்டை மடித்தால் குறி மறுபக்கத்திலும் படியும். சாதாரணச் சிலுவைக் குறியாயின் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். எது வாக்காளர் இட்டது, எது மடிப்பில் ஒட்டியது என்று பிரித்தறிய இயலாது. அம்புச் சிலுவையோ கண்ணாடியிற்போல் எதிர்த்திசை திரும்பிப் படிவதால் உண்மைக் குறி தெரிந்துவிடும். சீட்டை முதலில் நெட்டுவாக்கிலும் பிறகு குறுக்கிலும் மடிக்குமாறு அலுவலர் சொல்லித்தருவதும் இதன் பொருட்டே. நெடுக மடித்தால் மை ஒட்டினாலும் அதே வேட்பாளரின் வரியில்தான் ஒட்டும். அடுத்தவர் வரிக்குத் தாவாது. மை வற்றும்வரை காத்திராத ஓர் அவசரக் கையின் வாக்கும் வீணாகக் கூடாது என்று எண்ணிய யாரோ ஒருவரின் கரிசனம் அது.

இவற்றையெல்லாம் சட்டமாக்கியவை 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகள். 22ஆம் விதி சீட்டைப் பற்றியது, மிகச் சுருக்கமானது. சீட்டுக்கு அடிக்கட்டை இருக்க வேண்டும். வடிவமும் மொழியும் ஆணையம் பணிக்கும்படி அமையும். போட்டியிடுவோர் பட்டியலில் உள்ள வரிசையிலேயே பெயர்கள் வர வேண்டும். ஒரே பெயருடையோர் இருவர் இருந்தால் தொழிலோ இருப்பிடமோ சேர்த்து வேறுபடுத்த வேண்டும். அவ்வளவே. 38ஆம் விதிப்படி, தலைமை அலுவலர் சீட்டின் பின்புறம் முத்திரையிட்டுக் கையொப்பமிட்ட பின்னரே அதனை வழங்க வேண்டும்.

நம் உள்ளத்தைத் தொடுவது 56ஆம் விதி. எந்தெந்தச் சீட்டு செல்லாது என்று அது கூறுகிறது. வாக்காளரை அடையாளங்காட்டும் எழுத்தோ குறியோ இருந்தால் செல்லாது. தரப்பட்ட கருவியால் அன்றி வேறொன்றால் குறியிட்டால் செல்லாது. ஒருவருக்கு மேல் குறியிட்டால் செல்லாது. பெருவிரல் ரேகை வைத்தவரின் வாக்கும் போயிற்று. கற்ற பெருமையில் கையெழுத்திட்டவரின் வாக்கும் போயிற்று! இங்கே கல்வியும் கல்லாமையும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன. ஆனால் அவ்விதி அங்கே நின்றுவிடவில்லை. குறி தெளிவாக விழவில்லை என்பதாலோ, ஒரே வேட்பாளருக்கு இருமுறை குத்தப்பட்டது என்பதாலோ மட்டும் ஒரு சீட்டைத் தள்ளலாகாது. வாக்காளரின் எண்ணம் தெளிவாயின் அது செல்லும் என்கிறது. அலுவலர் கையொப்பமிட மறந்திருந்தால், அவர் தவற்றுக்காக வாக்காளரைத் தண்டிக்கலாகாது என்றும் கூறுகிறது. சட்டம் வடிவத்தை வற்புறுத்தும். ஆயினும் வடிவத்துக்கு அப்பால் மனத்தை நாடும் இடம் ஒன்றையும் அது விட்டுவைத்திருக்கிறது.

பெயர்களின் வரிசை எளிய செய்தியாகத் தோன்றலாம், அன்று. முன்பு வேட்பாளர் அனைவரும் ஒரே அகரவரிசையில் நின்றனர். பெருங்கட்சித் தலைவரும் பேரறியா உழவரும் பெயரின் முதலெழுத்தால் மட்டுமே முன்பின் ஆயினர். அதில் ஒரு சமத்துவம் இருந்தது. மொடக்குறிச்சியின் நூலிலோ அச்சமத்துவம் ஆயிரம் பேருக்கு நடுவே காணாமற்போயிற்று. 1996இல் இதுபோன்று வேறிடங்களிலும் நடந்தது: ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேரும், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் போட்டியிட்டனர். நல்கொண்டாவில் தண்ணீர்ப் பிரச்சினை. பெல்காமில் எல்லைப் பிரச்சினை. மொடக்குறிச்சியில் தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. அவர்கள் தமக்கே வாக்களித்துக்கொள்ளவில்லை என்றுதானே பொருள்! வெல்வதற்காக அவர்கள் நிற்கவில்லை. சீட்டில் தம் பெயர் அச்சேறுவதே அவர்கள் எழுப்பிய குரல். மனுக்களைப் படிக்காத அரசு, வாக்குச்சீட்டையாவது படித்துத்தானே ஆக வேண்டும்?

அரசு படித்தது, விடை சொன்ன விதம்தான் வேறு. அவ்வாண்டே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த வைப்புத்தொகை 5,000 ஆயிற்று; மக்களவைக்கு 500 ரூபாய் 10,000 ஆயிற்று. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அங்கீகாரம் பெற்ற கட்சியைச் சாராதவருக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றாயிற்று. பெயர் வரிசையும் மாறியது: முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியினர், அடுத்துப் பதிவு மட்டும் பெற்ற கட்சியினர், கடைசியில் சுயேச்சைகள், அகரவரிசை ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மட்டுமே. வாக்காளருக்கு இது வசதியே; பழகிய சின்னம் மேலேயே கிடைத்துவிடும். பத்து முன்மொழிவோர் என்பதையும் நாம் குறைகூறோம். ஆனால் பணத்தை வேலியாக இட்டது நமக்கு ஒப்பவில்லை. சீட்டு நீண்டதற்குக் காரணம் காகிதமன்று, குறை. வேலி, குறையைத் தீர்ப்பதில்லை. 2010 முதல் இத்தொகைகள் மேலும் உயர்ந்து, முறையே 10,000, 25,000 ரூபாயாயின.

அதே 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் உரோமையில் மற்றொரு வாக்குச்சீட்டு விதி வெளியானது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருத்தந்தைத் தேர்தல் சட்டம், சீட்டு நீள்சதுரமாக இருக்க வேண்டும், மேற்பாதியில் 'தலைமைக் குருவாகத் தேர்ந்துகொள்கிறேன்' என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்கள் அமைய வேண்டும், கீழ்ப்பாதி பெயர் எழுத வெறுமையாக விடப்பட வேண்டும் என்று வரையறுத்தது. எழுதுபவர் இன்னாரென்று கையெழுத்தால் தெரியாதவாறு, இயன்றவரை எழுத்தை மாற்றி எழுதவும் பணித்தது. பழைய வடிவம் இதைவிடச் சிக்கலானது. 1621இல் பதினைந்தாம் கிரகோரி ஏற்படுத்திய மரபில், வாக்களிக்கும் கர்தினாலின் பெயரும் சீட்டிலேயே மடித்து முத்திரையிடப்பட்டிருக்கும். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு ஒன்றுகூட மிகாமல் சரியாக அமைந்துவிட்டால், வென்றவர் தமக்கே வாக்களித்துக்கொண்டாரா என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு அது. 1945இல் பன்னிரண்டாம் பயஸ் மூன்றில் இரண்டுடன் ஒரு வாக்கு கூடுதலாக வேண்டும் என்று விதித்ததால் அம்முத்திரைகள் தேவையற்றுப் போயின. எண்ணிக்கை விதியில் ஒன்றைக் கூட்டி, சீட்டில் பல மடிப்புகளைக் குறைத்தார் எனலாம். 2025 மே மாதம் 133 கர்தினால்கள் பதினான்காம் லியோவைத் தேர்ந்ததும் இந்த எளிய சீட்டால்தான். எல்லாரும் எழுத வல்ல சிறு அவைக்குக் கையெழுத்து ஓர் ஆபத்து. கோடிக்கணக்கானோர் நிற்கும் நாட்டுக்கு எழுத்தே ஒரு தடை. இருவேறு அச்சங்கள், இருவேறு சீட்டுகள்.

இனி எந்திரத்தின் வரலாறு. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில் மட்டும் மின்னணு எந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை 123 வாக்குகளில் வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் வழக்காடினார். 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, எந்திரம் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியதன்று. சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டு என்று சொல்லும்போது, ஆணையம் தன் அதிகாரத்தால் அதற்குப் பதிலாக வேறொன்றை வைக்க முடியாது என்பதே அதன் சாரம். அந்த 50 சாவடிகளில் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது, ஜோஸ் வென்றார். வாக்கின் வடிவத்தை மாற்றுவது அலுவலகத்தின் வேலையன்று, மக்கள் மன்றத்தின் வேலை என்று நிலைநாட்டிய இத்தீர்ப்பு போற்றத்தக்கது. பின்னர் நாடாளுமன்றம் 61-அ என்னும் பிரிவைச் சேர்க்க, அது 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து எந்திரத்துக்கு இசைவளித்தது.

எந்திரம் வந்ததும் சீட்டு மறைந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். மறையவில்லை. எந்திரத்தின் முகப்பில் ஒட்டியிருப்பதும் வாக்குச்சீட்டே. மக்களவைக்கு வெள்ளை, சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்பு. மடிப்பும் மையும் செல்லாத வாக்கும் போயின. அவற்றோடு வேறொன்றும் போயிற்று. பழைய முறையில் யாரையும் விரும்பாதவர் வெறுஞ்சீட்டைப் பெட்டியில் இட்டுவிட்டு ஒருவரும் அறியாமல் வரலாம். எந்திர முறையில் அவர் அலுவலரிடம் சொல்லி, பதிவேட்டில் குறிக்கச் செய்ய வேண்டியதாயிற்று. மௌனம் வெளிப்பட்டுப் போயிற்று. 2013 செப்டம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் இது இரகசியத்தைக் குலைப்பது என்று தீர்ப்பளித்து, 'மேற்கண்ட எவருமில்லை' என்னும் வரியைச் சீட்டில் சேர்க்கச் செய்தது. 2015இல் அதற்கும் ஒரு சின்னம் தரப்பட்டது. எவரையும் ஏற்காதவருள்ளும் எழுத்தறியாதவர் உண்டல்லவா?

2015 முதல் வேட்பாளரின் நிழற்படமும் சீட்டில் இடம்பெற்றது. ஒரே பெயருடையவரை நிறுத்தி வாக்காளரை மயக்கும் சூழ்ச்சிக்கு எதிராகத் தொழிலும் ஊரும் சேர்க்கும் பழைய விதி போதவில்லை. படம் வந்தும் சூழ்ச்சி ஓயவில்லை. 2024இல் இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் போட்டியிட்டபோது, அதே பெயரும் அதே முதலெழுத்தும் உடைய வேறு சிலரும் களத்தில் இருந்தனர். 2025 செப்டம்பரில் ஆணையம் புது நெறிமுறை வகுத்து, படம் வண்ணத்தில் இருக்கவும், முகம் படப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு நிறையவும், எண்கள் பெரியனவாகவும் தடித்தனவாகவும் அமையவும், எல்லாப் பெயர்களும் ஒரே எழுத்துருவில் ஒரே அளவில் இருக்கவும் பணித்தது. அவ்வாண்டின் பீகார் தேர்தலில் அது தொடங்கியது. பார்வையற்றோர் தடவி அறியும் பிரெய்ல் எண்களும் எந்திரத்தில் உண்டு.

ஓர் எந்திரத்தில் பதினாறு வரிகளே உண்டு. பழைய எந்திரங்களில் நான்கை இணைக்கலாம். 64 வரிகளுக்குமேல் போனால் மீண்டும் காகிதம்தான். புதியவற்றில் 24 வரை இணைக்கலாம். 2019 ஏப்ரலில் தெலங்கானாவின் நிசாமாபாத் தொகுதியில் அதற்கும் தேவை வந்தது. மஞ்சளுக்கும் சிவப்புச் சோளத்துக்கும் கட்டுபடியாகும் விலை கேட்டும், மஞ்சளுக்கென ஒரு வாரியம் கேட்டும் விவசாயிகள் 170க்கும் மேற்பட்டோர் வேட்புமனு அளித்தனர். வைப்புத்தொகை 25,000 ரூபாயாக உயர்ந்திருந்தும் அவர்கள் அதனைக் கட்டினர். களத்தில் நின்றோர் 185 பேர். ஒவ்வொரு சாவடியிலும் பன்னிரண்டு எந்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்டன. மஞ்சள் விளையும் ஈரோட்டு மண்ணில் 23 ஆண்டுகளுக்குமுன் புத்தகமாக விரிந்த சீட்டு, இப்போது மேசைமேசையாக நீண்டது. அன்று அத்தொகுதியின் உறுப்பினராய் இருந்தவர் தோற்றார். மஞ்சள் வாரியம் அமைப்பதாக வாக்களித்தவர் வென்றார். தேசிய மஞ்சள் வாரியம் 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2025 சனவரியில் நிசாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கி வைக்கப்பட்டது.